வீட்டில் விளைந்த விசுவாசம்

சில ஆண்டுகளுக்கு முன்பு, வீடு சந்திப்பின்போது நிகழ்ந்தது இது. அவ்வாண்டு மறைக்கல்வித் தேர்வில் நமது பங்கிலேயே முதல் மதிப்பெண் பெற்ற சிறுவன் ஒருவனின் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். ஏழு அருட்சாதனங்களையும் வரிசை பிறழாமல் சொல்லக்கூடியவன். தூய ஆவியாரின் கொடைகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிக்கக்கூடியவன். பெற்றோர் அன்போடு வரவேற்றனர், தேநீர் தந்தனர், பிள்ளையின் பரிசுப் புத்தகத்தைப் பெருமையோடு எடுத்துக் காட்டினர். விடைபெறும் வேளையில், "தம்பி, நீயே செபத்தைத் தொடங்கு, எல்லோரும் சேர்ந்து சொல்வோம்" என்றோம். சிறுவன் திகைத்துத் தாயின் முகத்தைப் பார்த்தான். பிறகு நம்மை நோக்கி, "சாமி, இங்கேயா?" என்று கேட்டான்.

அவன் குறும்புக்காகக் கேட்கவில்லை. உண்மையிலேயே அவனுக்குப் புரியவில்லை. செபம் கோயிலில் சொல்லப்படுவது. மறைக்கல்வி வகுப்பில் ஒப்பிக்கப்படுவது. சோறு உண்ணும் இடத்திலும் பாய் விரிக்கும் இடத்திலும் அதற்கு என்ன வேலை என்பதை அவனுக்கு யாரும் காட்டியதில்லை. பெற்றோர் தலை குனிந்தனர். ஆனால் திரும்பி வரும் வழியில் உண்மையாகத் தலை குனிந்தவர்கள் நாமே. அப்பெற்றோரிடம் நாம் கேட்டதெல்லாம், ஞாயிறுதோறும் பிள்ளையைத் தவறாமல் வகுப்புக்கு அனுப்புங்கள் என்பது மட்டுமே. அவர்களும் தவறாமல் அனுப்பினார்கள். நாம் கேட்டதைத்தான் அவர்கள் தந்தார்கள்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் வெளியிட்ட, திருச்சபையைப் பற்றிய கொள்கை விளக்கத்தின் 11-ஆம் எண், குடும்பத்தை இல்லத் திருச்சபை என்று அழைக்கிறது; பெற்றோரே தம் பிள்ளைகளுக்கு விசுவாசத்தை அறிவிக்கும் முதல் தூதர்கள் என்கிறது. குருமட நாட்களில் இதைப் படித்துத் தேர்வு எழுதியவர்கள்தாம் நாம். அந்தச் சிறுவனைப் போலவே நாமும் நல்ல மதிப்பெண் பெற்றோம். அவனைப் போலவே, படித்ததை எந்த வீட்டில் வைத்துச் செய்வது என்று மட்டும் அறியாதிருந்தோம்.

இல்லத் திருச்சபை என்பது ஏதோ உரோமையில் உருவாகி அண்மையில் நம் கைக்கு வந்த புதுச் சொல் என்று எண்ணுவோர் உண்டு. நமது தென்கடற்கரையின் கிறிஸ்தவ வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால், சங்கம் அச்சொல்லை வழங்குவதற்கு நானூறு ஆண்டுகளுக்கு முன்பே அந்தப் பொருள் இங்கே வாழ்ந்திருப்பதைக் காணலாம்.

கற்பிக்கப்படாத கிறிஸ்தவர்கள்

முத்துக்குளித்துறை என்று வரலாறு அழைக்கும் கடற்கரையில், 1535 முதல் 1537 வரையிலான காலத்தில், பரதவ மக்கள் பெருந்திரளாகத் திருமுழுக்குப் பெற்றனர். முத்துக்குளிப்பின் உரிமை பற்றி எழுந்த கொடும்பகையில் நசுங்கிக்கொண்டிருந்த அம்மக்கள் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை நாடினர். அப்பாதுகாப்போடு திருமுழுக்கும் வந்தது. ஏறத்தாழ 20,000 பேர் என்பது வரலாற்றாசிரியர் தரும் கணக்கு. திருமுழுக்கு அளித்த குருக்கள் திரும்பிச் சென்றனர். மக்களின் மொழி அவர்களுக்குத் தெரியாது. அவர்களின் மொழி மக்களுக்குத் தெரியாது. மக்களின் பெயர்கள் மாறின. வாழ்வோ பெரும்பாலும் முன்போலவே ஓடிக்கொண்டிருந்தது.

1542 மே 6 அன்று கோவாவில் வந்திறங்கிய புனித பிரான்சிஸ் சவேரியார், அவ்வாண்டின் பிற்பகுதியிலேயே இக்கரைக்கு வந்து சேர்ந்தார். கோவாவில் பயின்றுகொண்டிருந்த, இந்நாட்டு மொழி அறிந்த இளைஞர் சிலர் அவருடன் வந்தனர். அக்டோபர் 28 அன்று தூத்துக்குடியிலிருந்து புனித இஞ்ஞாசியாருக்கு அவர் எழுதிய மடல் நமக்குக் கிடைத்துள்ளது. தாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதற்கு மேல் இம்மக்களுக்கு எதுவும் தெரியவில்லை என்றும், திருப்பலி நிறைவேற்றவோ செபங்களையும் கட்டளைகளையும் சொல்லிக்கொடுக்கவோ இங்கு ஒருவரும் இல்லை என்றும் அதில் அவர் எழுதுகிறார்.

அதே மடலில் இன்னொரு செய்தியும் உண்டு. ஊர்களுக்குள் நுழைந்ததுமே பிள்ளைகள் அவரைச் சூழ்ந்துகொண்டனராம். ஏதேனும் ஒரு செபத்தைச் சொல்லிக்கொடுத்தாலன்றி அவரைக் கட்டளைச் செபம் சொல்லவோ உண்ணவோ உறங்கவோ விடவில்லையாம். விண்ணரசு இத்தகையோரது என்பதன் பொருள் அப்போதுதான் தமக்கு விளங்கத் தொடங்கியதாக அப்புனிதர் எழுதுகிறார். பாரீசுப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற ஒருவர், மணற்பரப்பில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளிடம் நற்செய்தியின் ஒரு வரிக்குப் பொருள் கற்றார்.

கையில் மணி, கால் வீட்டுவாசலில்

அடுத்து என்ன செய்தார் என்பதை, 1544 சனவரி 15 அன்று கொச்சியிலிருந்து உரோமையிலுள்ள தம் சபைத் தோழர்களுக்கு எழுதிய மடலில் விவரிக்கிறார். தமிழும் போர்த்துக்கீசியமும் அறிந்தவர்களைக் கூட்டி வைத்துக்கொண்டு, பல நாள் உழைத்து, சிலுவை அடையாளம், விசுவாசப் பிரமாணம், இயேசு கற்பித்த செபம், மங்கள வார்த்தை செபம், பத்துக் கட்டளைகள் முதலியவற்றைத் தமிழில் பெயர்த்தார்; தாமே மனப்பாடம் செய்தார். பிறகு கையில் மணியை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாக நடந்தார். மணியோசை கேட்டுச் சிறுவரும் பெரியவரும் கூடினர். நாளுக்கு இரு முறை கற்பித்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் முழுவதையும் கூட்டி, விசுவாசப் பிரமாணத்தின் ஒவ்வொரு பகுதியையும் சொல்லி, இதை விசுவசிக்கிறீர்களா என்று வினவுவார். மக்கள் கைகளை மார்பின்மீது குறுக்காக வைத்து, ஆம் என்று உரத்த குரலில் விடையளிப்பர்.

சவேரியாரின் மணியை நாம் எல்லோரும் அறிவோம். ஓவியங்களிலும் சுரூபங்களிலும் அதைக் காண்கிறோம். ஆனால் மணி அடித்து முடிந்த பிறகு அவர் பிள்ளைகளிடம் என்ன சொல்லி அனுப்பினார் என்பதை நாம் அதிகமாக நினைப்பதில்லை. கற்றதை வீட்டில் தாய் தந்தையர்க்கும், வீட்டிலுள்ள ஏனையோருக்கும், அக்கம்பக்கத்தாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பதே அவர் இட்ட கட்டளை. நோயுற்றோர் பலர் தம்மை அழைத்தபோது எல்லா வீடுகளுக்கும் செல்ல இயலாமல், செபம் கற்ற பிள்ளைகளையே அனுப்பினார். அவர்கள் நோயாளியின் வீட்டாரையும் அண்டை வீட்டாரையும் ஒன்றுசேர்த்து விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லிச் செபித்தனர்.

நாம் இன்று பிள்ளைகளை வீட்டிலிருந்து அழைத்து வகுப்பில் அமர்த்துகிறோம். சவேரியாரும் அதைச் செய்தார். ஆனால் அவர் அத்தோடு நிறுத்தவில்லை. அவர் கணக்கில் தெருமுனை வகுப்பு வெறும் வழி. வீடே சென்று சேரும் ஊர். வகுப்பில் தொடங்கிய செபம் அன்று மாலையே ஒரு வீட்டு முற்றத்தில் மீண்டும் ஒலித்தாக வேண்டும். அவ்வாறு ஒலிக்காவிட்டால் மணி அடித்ததில் பயனில்லை.

உண்மையை முழுமையாகச் சொல்வது நம் கடமையாதலால், அதே மடலில் நம் மனத்தை உறுத்தும் பகுதியும் உண்டு என்பதை மறைக்கலாகாது. பெற்றோரிடமும் உற்றாரிடமும் பழைய வழிபாடு தொடர்வதைக் கண்டால் பிள்ளைகள் வந்து தம்மிடம் தெரிவித்ததையும், அப்பிள்ளைகளைக் கொண்டே சிலைகளை உடைக்கவும் மிதிக்கவும் செய்ததையும் புனிதர் மகிழ்ச்சியோடு எழுதுகிறார். அவர் வாழ்ந்த நூற்றாண்டின் கண்கள் அவருக்கு இருந்தன. பிற சமயங்களில் உள்ள உண்மையும் தூய்மையுமான எதையும் திருச்சபை புறக்கணிப்பதில்லை என்று 1965-இல் சங்கம் கற்பித்த பிறகு, நாம் அப்பகுதியை வேதனையோடுதான் படிக்க முடியும். பிள்ளையைப் பெற்றோருக்கு எதிராக நிறுத்திய எந்த விசுவாசப் பயிற்சியும் வீட்டைக் கட்டியெழுப்பாது. அந்தக் கரையில் வேரூன்றி நின்றது சிலையை உடைத்த பிள்ளையின் ஆவேசமன்று. நோயாளியின் பாயருகே அமர்ந்து செபித்த பிள்ளையின் அன்பே.

"எனக்கு வேண்டும்"

சவேரியாரின் மடல்களில் நம்மைப் பெரிதும் கவர்ந்தது ஒரு சிறிய திருத்தக் குறிப்பு. அவருடன் பணியாற்ற வந்த பிரான்சிஸ்கோ மன்சிலாசுக்கு 1544-இல் எழுதிய மடல் ஒன்றில் அது வருகிறது. விசுவாசப் பிரமாணத்தின் தமிழாக்கத்தில், 'விசுவசிக்கிறேன்' என்று வர வேண்டிய இடத்தில் 'எனக்கு வேணும்' என்ற சொற்கள் இடம்பெற்றிருந்தன. அதற்கு ஆசிக்கிறேன் என்பதே பொருள் என்று பின்னர் அறிந்துகொண்ட சவேரியார், அச்சொல்லை விடுத்து விசுவாசம் என்னும் பொருள்தரும் சொல்லைப் பயன்படுத்துமாறு எழுதுகிறார்.

அதற்கு முன்பு அத்திருத்தப்படாத பிரமாணத்தைச் சொன்ன வீடுகளை எண்ணிப் பாருங்கள். எல்லாம் வல்ல தந்தையை நான் விசுவசிக்கிறேன் என்று சொல்லவேண்டிய இடத்தில், எல்லாம் வல்ல தந்தை எனக்கு வேண்டும் என்று சிறுவரும் சிறுமியரும் தம் தாய்மாருக்குச் சொல்லிக்கொடுத்திருப்பர். மொழிபெயர்ப்பு நோக்கில் அது பிழைதான், திருத்தியது முறைதான். ஆயினும் இறையியல் நோக்கில், குழந்தையின் விசுவாசம் எங்கிருந்து புறப்படுகிறது என்பதை அப்பிழை நமக்குக் கற்றுத்தருகிறது.

குழந்தை கற்கும் முதற்சொற்களுள் ஒன்று 'வேணும்'. பால் வேணும், நிலா வேணும், அம்மா வேணும். அதன் முதற்செபமும் அதுவே: தங்கச்சிக்குக் காய்ச்சல் போகணும்; கடலுக்குப் போன அப்பா திரும்பி வரணும். பெரியவர்களாகிய நாம் இதைக் கேட்டுப் புன்னகைக்கிறோம்; சில வேளைகளில் திருத்தவும் முனைகிறோம். ஆனால் வேண்டும் என்று கேட்கத் தெரிந்த பிள்ளையே, கேட்டது கிடைக்காத நாளிலும் கொடுப்பவரை நம்பக் கற்றுக்கொள்ளும். 'எனக்கு வேண்டும்' என்பதிலிருந்து 'விசுவசிக்கிறேன்' என்பது வரையிலான தூரத்தைக் கடக்க ஒரு திருத்தக் கடிதம் போதாது. பல ஆண்டுகள் வேண்டும். அந்த ஆண்டுகள் முழுவதும் பிள்ளையின் அருகில் இருப்பவர் குருவானவரல்லர், உபதேசியாரல்லர். காய்ச்சல் தணியாத இரவில் அருகில் விழித்திருப்பவள் தாய். படகு வரும் திசையைப் பார்த்தபடி கரையில் நிற்பவள் பாட்டி.

திருநூலும் இவ்வழியையே காட்டுகிறது. பாஸ்கா இரவில் பிள்ளை எழுந்து இச்சடங்கின் பொருள் என்ன என்று வினவும்போது, தந்தை விடை சொல்ல வேண்டும் என்பது விடுதலைப் பயண நூலின் ஏற்பாடு. அங்கே ஆசிரியராக அமர்பவர் தந்தை. வகுப்பறை உணவு மேசை. திமொத்தேயுவின் விசுவாசத்தைப் பாராட்டும் புனித பவுல், அது முதலில் அவருடைய பாட்டி லோயியிடமும் தாய் யூனிக்கியிடமும் குடிகொண்டிருந்தது என்பதை நினைவுகூர்கிறார். ஆயராகப் பணியாற்றியவரின் விசுவாசத்திற்கும் ஊற்றுக்கண் ஒரு வீடுதான்.

பிள்ளைகளுக்கென அச்சான புத்தகம்

சவேரியார் இக்கரையில் தொடர்ந்து தங்கியிருந்தது ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளே. பிறகு மலாக்கா, மொலுக்கா, சப்பான் என்று அவர் பயணம் நீண்டது. ஆயினும் பிள்ளைகளை அவர் மறக்கவில்லை. ஊர்தோறும் கணக்கப்பிள்ளை என்ற பெயரில் உபதேசியார்களை அமர்த்தினார். போர்த்துக்கல் அரசியாரின் காலணிச் செலவுக்கென இக்கரையின் வரியிலிருந்து ஒதுக்கப்பட்டிருந்த 4,000 பணத்தை, உபதேசியார்களுக்கும் பிள்ளைகளைப் பயிற்றுவோருக்கும் ஊதியமாகத் தருமாறு கேட்டுப் பெற்றார். விண்ணகத்திற்கு ஏறிச்செல்ல இப்பிள்ளைகளின் செபத்தைவிட நல்ல காலணி அரசியாருக்குக் கிடையாது என்பது அவர் சொன்ன காரணம். 1548-இல் மணப்பாட்டில் தம் சபைத் தோழர்களுக்கு எழுதித்தந்த அறிவுரையிலும், பச்சிளங்குழந்தைகளின் திருமுழுக்கை முதலாவதாகவும் பிள்ளைகளின் பயிற்சியை இரண்டாவதாகவும் வைத்தார்.

அவர் விட்டுச்சென்ற பணியை அரை நூற்றாண்டுக் காலம் சுமந்தவர் அண்டிரிக்கு அடிகளார். 1547-இல் இக்கரைக்கு வந்து, தமிழை இலக்கணத்தோடு கற்று, மொழிபெயர்ப்பாளர் துணையின்றிப் பேசவும் எழுதவும் வல்லவராகி, 1600-இல் புன்னைக்காயலில் உயிர்நீத்தவர் அவர். அவரது 'தம்பிரான் வணக்கம்' 1578 அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் அச்சாகி வெளிவந்தது. தமிழ் எழுத்தில் அச்சாகி நமக்குக் கிடைத்துள்ள நூல்களுள் அதுவே பழமையானது. பதினாறு பக்கங்களே கொண்டது. அடுத்த ஆண்டு, 1579-இல், 'கிரிசித்தியானி வணக்கம்' கொச்சியில் வெளிவந்தது.

இரண்டாம் நூலைப் பற்றி ஒரு சொல். அது மார்க்கோஸ் சோர்ச் என்னும் இயேசு சபைக் குரு போர்த்துக்கீசிய மொழியில் எழுதிய ஞானோபதேசத்தின் தமிழாக்கம். சிறுவருக்குக் கற்பிப்பதற்கென்றே, வினாவும் விடையுமாக அமைக்கப்பட்ட நூல் அது. ஆக, தமிழ் அச்சு நடைபயிலத் தொடங்கிய காலத்திலேயே பிள்ளைகளின் கைக்கு ஒரு நூல் வந்துவிட்டது. தமிழ் அச்சுக்கலையின் தொடக்கத்தை நாம் பெருமையோடு பேசுகிறோம், பேச வேண்டியதே. ஆனால் அவ்வெழுத்துகளை வார்த்தவர்களின் மனக்கண் முன் நின்றவர்களுள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து வினாவுக்கு விடை சொல்லும் பிள்ளையும் ஒருவன் என்பதை அப்பெருமையோடு சேர்த்து நினைக்க வேண்டும். வினாவிடை நூலுக்கு இருவர் வேண்டும். ஒருவர் கேட்க வேண்டும். மற்றவர் சொல்ல வேண்டும். தனியே ஒப்பிப்பதற்கு எழுதப்பட்டதன்று அது.

குருக்கள் இல்லாத ஆண்டுகள்

இவ்வாறு வீட்டில் விதைக்கப்பட்டது வேரூன்றியதா என்பதைச் சோதிக்கும் காலம் 1658-இல் வந்தது. அவ்வாண்டில் ஒல்லாந்தர் தூத்துக்குடியையும், கடலுக்கு அப்பால் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கீசியரிடமிருந்து கைப்பற்றினர். முத்துக்குளித்துறையில் மக்களைத் தம் சபைக்கு ஈர்க்க அவர்கள் செய்த முயற்சி பயன்தரவில்லை. இலங்கையில் நிலைமை இன்னும் கடுமையாயிற்று. கத்தோலிக்கக் குருக்கள் வெளியேற்றப்பட்டனர். குருவுக்கு அடைக்கலம் தருவோருக்கு மரண தண்டனை என அறிவிக்கப்பட்டது. கோயில்கள் பறிபோயின.

யாழ்ப்பாணத்தில் கோயிலடிகள்தோறும் ஒல்லாந்தரின் பள்ளிகள் இயங்கின. பிள்ளைகள் கட்டாயமாக அங்கே சென்று சீர்திருத்தச் சபையின் ஞானோபதேசத்தைக் கற்க வேண்டும். வராத பிள்ளையின் பெற்றோர் தண்டம் செலுத்த வேண்டும். திருமுழுக்கும் திருமணமும் அங்கே பதிவானால்தான் குடியுரிமையும் சொத்துரிமையும் செல்லும். பலர் வெளியளவில் இணங்கினர் என்பது உண்மை. சிலர் உள்ளத்தாலும் அச்சபையில் சேர்ந்தனர் என்பதும் உண்மை. அச்சபையின் பணியாளர்களிலும் நேர்மையும் கல்வியும் உடையோர் இருந்தனர். அவர்களைப் பகைவராக எண்ணும் காலம் போய்விட்டது. மனச்சான்றை ஆணையாலும் தண்டத்தாலும் வளைக்க முயன்றதே அன்றைய தவறு. அத்தவற்றில் நம்மவர்க்கும் பங்குண்டு என்பதை மேலே கண்டோம்.

1687-இல், கோவாவைச் சேர்ந்த குருவான யோசேப் வாஸ் அடிகளார், தூத்துக்குடியிலிருந்து மாறுவேடத்தில் இலங்கைக்குக் கப்பலேறினார். யாழ்ப்பாணத்தில் பிச்சைக்காரர் கோலத்தில், கழுத்தில் செபமாலையோடு வீடு வீடாக நடந்தார். யார் வீட்டில் கத்தோலிக்க விசுவாசம் எஞ்சியிருக்கிறது என்று வெளிப்படையாகக் கேட்க வழியில்லை. வாசலில் வந்து நிற்கும் இரவலனின் கழுத்தில் கிடக்கும் செபமாலையைக் கண்டு எந்த முகம் மலர்கிறது என்று பார்ப்பதே அவர் கண்ட வழி. முகங்கள் மலர்ந்தன. சில்லாலை என்னும் ஊர் அவருக்கு அடைக்கலம் தந்தது. இரவுகளில் திருப்பலி நடந்தது.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1658-இல் பிறந்த குழந்தைக்கு 1687-இல் வயது 29. அந்தக் குழந்தை வளர்ந்து, மணமுடித்து, தானும் பிள்ளைகளைப் பெற்றிருக்கும். குருவில்லை, கோயிலில்லை, மறைக்கல்வி வகுப்பில்லை. நாள்தோறும் சென்ற பள்ளி வேறொன்றைக் கற்பித்தது. ஆயினும் ஒரு செபமாலையைக் கண்டதும் மலரும் முகம் அதற்கு இருந்தது என்றால், அந்த மலர்ச்சியைக் கற்பித்தது யார்? அதைக் கற்பிக்க வீட்டைத் தவிர வேறு இடமே எஞ்சியிருக்கவில்லை. எந்தத் தாய் எந்தப் பிள்ளைக்கு எந்தச் செபத்தைச் சொல்லித்தந்தாள் என்று எந்த ஆவணமும் பதிவு செய்யவில்லை. வாஸ் அடிகளாரின் பெயர் நமக்குத் தெரியும். 2015 சனவரி 14 அன்று கொழும்பில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். அவர் வரும்வரை அடுப்பில் கனலைக் காத்துவைத்த தாய்மாரின் பெயர்கள் இறைவனுக்கு மட்டுமே தெரியும்.

இன்று நம் வீடுகளில்

நம் பிள்ளைகளின் பள்ளிக்குத் தண்டக்காரர் எவரும் வருவதில்லை. கோயில் திறந்திருக்கிறது. குருவானவர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்குகிறார். மறைக்கல்விப் புத்தகம் வண்ணப்படங்களோடு அச்சாகிறது. இத்தனை வசதியும் வந்தபின், வீடு தன் பொறுப்பை மெல்ல மெல்ல நம்மிடம் தள்ளிவிட்டது என்று நாம் குறைகூறுவதுண்டு. தள்ளியது உண்மையானால், வாங்கிக்கொண்டதும் உண்மை. ஆண்டில் நாற்பது ஞாயிறுகள் வகுப்பு நடந்தால், ஒரு பிள்ளை நம்மிடம் இருப்பது நாற்பது மணி நேரம். ஆண்டிற்கு மணிகள் 8,760. எஞ்சிய 8,720 மணிகளில் அப்பிள்ளை இறைவனின் பெயரை எங்கே கேட்கப்போகிறது? திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1979-இல் மறைக்கல்வி பற்றி வெளியிட்ட ஊக்கவுரையில், குடும்பத்தில் தரப்படும் மறைக்கல்வி மற்ற எல்லா மறைக்கல்விக்கும் முன்னே செல்வது, உடன் வருவது, அவற்றை வளப்படுத்துவது என்று கற்பித்ததன் காரணம் இதுவே.

பெற்றோரின் சிரமத்தை நாம் அறியாமலில்லை. தந்தை கடலிலோ தொலைநாட்டிலோ இருக்கிறார். தாய் வேலை முடிந்து திரும்பும்போது இருட்டிவிடுகிறது. பிள்ளையின் கண்கள் கைப்பேசியில் ஒட்டிக்கிடக்கின்றன. இந்நிலையில் ஐம்பத்து மூன்று மணிச் செபமாலையை நாள்தோறும் முழுமையாகச் சொல்லுங்கள் என்று கட்டளையிட்டால், இயலாத வீடுகள் எதையுமே தொடங்காது. சிறிதாகத் தொடங்குவோம். உணவுக்கு முன் ஒரே ஒரு செபம். இரவில் நற்செய்தியிலிருந்து ஒரு கதை, பாட்டி கதை சொல்வது போல. அன்று கோபத்தில் அடித்துவிட்ட பிள்ளையிடம், உறங்குமுன் தந்தை கேட்கும் ஒரு மன்னிப்பு. பிள்ளைகள் நாம் சொல்லிக்கொடுப்பதைவிட, நாம் யாருக்கு முன் மண்டியிடுகிறோம் என்பதைக் கூர்ந்து கவனிக்கிறார்கள்.

திருமுழுக்கு நாளில் குழந்தையின் நெற்றியில் குருவானவர் சிலுவை வரைகிறார். பிறகு பெற்றோரையும் ஞானப் பெற்றோரையும் அழைத்து அவ்வாறே வரையச் செய்கிறார். அந்த அடையாளத்தை அன்றோடு நிறுத்திக்கொள்ளுமாறு எந்தச் சடங்கு நூலும் சொல்லவில்லை. பள்ளிக்குப் புறப்படும் பிள்ளையின் நெற்றியில், காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையின் நெற்றியில், தேர்வில் தோற்று அழும் பிள்ளையின் நெற்றியில் தாயின் பெருவிரல் வரையும் சிலுவைக்கு அரை நிமிடமும் ஆகாது. அதற்குப் படிப்பு வேண்டாம், செலவு இல்லை.

அச்சிறுவனின் வினாவிற்குப் பிறகு, நமது பங்கில் ஒரு சிறு மாற்றம் செய்தோம். முதல் நற்கருணை வகுப்பில் சேர வரும் பிள்ளைகளுக்கு, மூன்று அடிப்படைச் செபங்களைப் பெற்றோரே வீட்டில் கற்றுத்தர வேண்டும் என்று அறிவித்தோம். சில நாட்களில் ஒரு தாய் தயங்கித் தயங்கி வந்து, "சாமி, விசுவாசப் பிரமாணம் எனக்கே பாதிதான் தெரியும். எப்படிச் சொல்லிக்கொடுப்பேன்?" என்றார். அவரைக் கடிந்துகொள்ள நமக்கு மனம் வரவில்லை. அவருடைய மூத்த மகள் வகுப்பில் பயில்பவள். "அவளிடம் நீங்கள் கற்றுக்கொள்ளுங்கள், பிறகு இருவருமாகச் சின்னவனுக்குச் சொல்லிக்கொடுங்கள்" என்றோம். இதே கரையில் ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு மணியோடு நடந்தவர் சொன்னதைத்தான் நாமும் சொன்னோம் என்பது பிறகே நினைவுக்கு வந்தது.

சில வாரங்கள் கழித்து அவ்வீட்டின் வழியாக அந்தி வேளையில் நடந்து சென்றோம். உள்ளே மூன்று குரல்கள் கேட்டன. ஒன்று தயங்கியது, ஒன்று திருத்தியது, மூன்றாவது மழலை, சொற்களைத் தப்புத்தப்பாகப் பின்தொடர்ந்தது. உள்ளே போய் அவர்களைக் குலைக்க விரும்பாமல், வாசலுக்கு வெளியே சற்று நேரம் நின்று, அவர்களோடு சேர்ந்து நாமும் அச்செபத்தைச் சொல்லி முடித்து நடந்தோம்.